சில்லின் நிறம்

மோட்டார் வண்டியின் நிறத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் சில்லின் நிறத்தைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. அச்சிலரும் பெரும்பாலும் அழகுணர்ச்சி பற்றியே சிந்திப்பர். தம்பலகாமத்தில் ஓர் இல்லத்திலோ இவ்விடயம் தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒரு விடுமுறைக்காலம் முழுவதும் வழக்காக நீடித்தது. தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் பேராதனையிற் பொறியியல் பயில்பவன். வழக்குப் பொருள், 1958 ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் வண்டி ஒன்று.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வகை வண்டி 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 இல் உற்பத்தி நிற்கும்வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. 14 அங்குலச் சிறு சில்லுகளும், முறுக்குத் தண்டினால் இயங்கும் முன் தாங்கியும், 1956 முதல் வந்த 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் அதனை எளிய குடும்பங்களின் வண்டியாக்கின. இலங்கையிலோ அதன் ஆயுளை நீட்டியது அரசியலும் ஆகும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில், புதிய வண்டி வாங்க இயலாதோர் பழையதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டனர். 1990 களில், பொருளாதாரத் தடையில் அகப்பட்ட யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலை ஊற்றி உயிர்ப்பித்த பின் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் இதுவும் ஒன்று. மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும், கரி படியும். ஆயினும் வண்டி ஓடிற்று.

தம்பலகாமத்து வண்டி அத்தகைய சோதனையைக் கண்டதில்லை. அதற்கு வாய்த்த பகைவர் இருவர். ஒருபுறம் விரிகுடாவிலிருந்து வரும் உப்புக்காற்று. மறுபுறம் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளிகளின் சேறு. பெரும்போக மழையில் ஆதிகோணநாயகர் கோயில் வீதியால் ஒருமுறை சென்று திரும்பினால், சில்லின் உட்புறத்திற் களி அப்பிக்கொள்ளும். காய்ந்த களி ஈரத்தை விடாது பிடித்திருக்கும். அதன் அடியிற் கறள் மெல்லத் தன் வேலையைச் செய்யும். இவ்வண்டியின் பின்னிருக்கையிற் பிரசவ வேதனையுடன் திருகோணமலை மருத்துவமனைக்குச் சென்ற பெண்கள் ஊரிற் சிலர் உளர். அந்நாளில் நள்ளிரவிற் கதவைத் தட்டுவோர்க்கு ஆசிரியரின் வண்டியன்றி வேறு வழி இருந்ததில்லை. ஆதலின் வண்டியைப் பேணுதல் அவருக்குப் பொழுதுபோக்காக அமைந்திலது, கடமையாகவே அமைந்தது.

ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அவர் வண்டியை உயர்த்தி, முன்சில்லுகளின் மேலும் கீழும் உள்ள திருகு மூட்டுகளுக்குக் கிறீஸ் ஏற்றுவார். கீழ் மூட்டின் புரி தேய்ந்துவிட்டால் ஒருநாள் சில்லு தன் நிலை பிறழ்ந்து மடிந்துவிடும். சாரதியின் காலடியில் விரிப்பின் கீழே மறைந்திருக்கும் மூடியைத் திறந்து பிறேக் எண்ணெயின் மட்டம் பார்ப்பார். கண்ணிற் படாத இடமாதலாற் பலர் மறக்கும் இடம் அது.

சில்லுகளிற் பூச்சு உரியத் தொடங்கிய ஆண்டில் விடுமுறைக்கு வந்த மகன், அவற்றுக்குக் கறுப்பு நிறம் பூச விரும்பினான். கறுப்பிற் சேறு தெரியாது, பழைய வண்டிக்கு ஒரு மிடுக்கும் வரும் என்பது அவன் கட்சி. தந்தை பழைய வெண்மஞ்சள் நிறத்தையே வேண்டினார். தொழிற்சாலை வழக்கம் எது என்று மகன் வினவினான். தொடக்கத்தில் உடலின் நிறமே சில்லுக்கும் இருந்தது என்றும், பின்னாளில் வெண்மை சார்ந்த நிறமும் வெள்ளி நிறமும் வந்தன என்றும் அறிந்தபோது, மரபும் ஒரு முடிவு சொல்லவில்லை என மகிழ்ந்தான்.

"கறுப்பில சேறு தெரியாது எண்டு சொல்லுறாய், மகன். அப்ப எண்ணெயும் தெரியாதே" என்றார் தந்தை. மகன் அதனை முதுமையின் பிடிவாதமாகவே கொண்டான். தந்தையும் தடுக்கவில்லை.

மூன்று சில்லுகள் கறுப்பாயின. நான்காவது, இடப்பக்கப் பின்சில்லு, மழையினாற் பிற்போடப்பட்டுப் பழைய நிறத்துடனேயே பூட்டப்பட்டது. நான்கு நாள் கழித்துத் தந்தை காலையில் வண்டியைச் சுற்றி வந்தபோது, அச்சில்லின் விளிம்பில் ஈரக்கோடு ஒன்றைக் கண்டார். அவ்விடத்துப் பூச்சுச் சுருங்கி எழும்பியிருந்தது. பிறேக் எண்ணெய் பூச்சை அரிக்கும் இயல்புடையது. உள்ளே சிலிண்டரின் இறப்பர் தளர்ந்து எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய் ஒரே சுற்றிற் செல்லும் அமைப்பாதலால், ஓரிடத்துக் கசிவு முற்றினால் நான்கு பிறேக்குகளும் ஒருங்கே செயலிழந்துவிடும்.

தந்தை ஒன்றும் சொல்லாது அக்கோட்டைச் சுட்டினார். மகன் குனிந்து பார்த்தான். பின்னர் மற்றைய மூன்று சில்லுகளிலும் களியைச் சுரண்டி, உட்புறத்தை விரலால் தடவினான். வலப்பக்க முன்சில்லில் விரல் நனைந்தது. அக்கறுப்புச் சில்லை அன்று காலையிலேதான் அவன் துடைத்திருந்தான், ஒன்றும் தெரியவில்லை.

அன்று வண்டி வெளியே செல்லவில்லை. நான்கு சில்லுகளின் சிலிண்டர்களுக்கும் புதிய இறப்பர் இட்டு, குழாய்களிலிருந்த காற்றை அகற்றி முடிக்க இரு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மகன் கறுப்புப் பூச்சைச் சுரண்டத் தொடங்கினான். கறள் நீக்கி, சிவப்பு ஒட்சைட்டு அடிப்பூச்சிட்டு, அதன்மேல் வெண்மஞ்சளை மெல்லிய படலங்களாகப் பூசினான். ஆணிகள் இருக்கும் இடங்களில் மட்டும் பூச்சைத் தடிக்க விடவில்லை. அங்கே தடித்த பூச்சு நசுங்கினால் ஆணி தளர்ந்துவிடும் என்பதைத் தந்தை கேளாமலே அவன் அறிந்திருந்தான். பூட்டிய சில்லுகளின் ஆணிகளைச் சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் இறுக்கியும் பார்த்தான்.

இப்பொழுதும் மழைக்காலத்தில் அச்சில்லுகள் ஒரு நாளிலேயே அழுக்காகிவிடுகின்றன. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மகன் காலையில் வாளியும் துணியுமாக அமர்ந்து அவற்றைக் கழுவுகின்றான். கண்பார்வை மங்கிவரும் தந்தை திண்ணையில் இருந்தபடி ஒவ்வொரு சில்லாகக் கேட்கின்றார். மகன் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்த பின்னரே விடை சொல்கின்றான்.