நான்கு நல்ல பற்கள்

தொல்காப்பியப் பிறப்பியல், ஒலிகள் தோன்றும் இடங்களைக் கூறுமிடத்துப் பல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தெண்ணுகின்றது. இரண்டாம் வருடத்தில் அதனைப் பாடங்கேட்ட அன்று மாலை, விடுதி அறையிற் கண்ணாடியின் முன்னின்று எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஒலித்துப் பார்த்தேன். மகரம் உதடுகள் இரண்டும் பொருந்தப் பிறப்பது. என் வாயிலோ அது மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்தே பிறந்தது. வகரத்துக்குரிய இடத்தில் மகரத்தையும் பகரத்தையும் இருபது ஆண்டுகளாகப் பிறப்பித்து வந்திருக்கிறேன். 'அம்மா' என்ற சொல்லைக்கூட நான் இலக்கணப்படி சொன்னதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

மிதந்த பல் எங்கள் குடும்பச் சொத்து. அம்மம்மாவுக்கு இருந்தது, அம்மாவுக்கு இருக்கிறது, எனக்கும் வந்தது. அதனை நிரைப்படுத்தலாம் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் எவருக்கும் எழுந்ததில்லை. பல் நொந்தாற் போவது, போனாற் பிடுங்குவது என்பதே நாமறிந்த பல் வைத்தியம். இறுதி வருடத்திலே, ஆய்வுக் கட்டுரையைச் சபைமுன் வாசிக்க வேண்டிவரும் என்ற அச்சமே என்னைப் பற்சீரமைப்புப் பிரிவின் வாங்கிற் கொண்டுபோய் இருத்தியது.

சென்ற அன்றே கம்பி பூட்டிவிடுவார்கள் என நினைத்திருந்தேன். அது பேதைமை. சூத்தைப் பல்லொன்றை அடைத்து, பற்காரையைச் சுரண்டித் துப்புரவு செய்த பின்னரே படமெடுப்புத் தொடங்கிற்று. தோடு, சங்கிலி, கொண்டையூசி யாவற்றையும் கழற்றச் செய்து, சிறு கோலொன்றின் தவாளிப்பிலே முன்பற்களைப் பொருத்திக் கடிக்கச் சொன்னார்கள். இயந்திரம் முகத்தைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. அரை நிமிடமும் செல்லவில்லை. தாடைகள் இரண்டும், முளையாது சரிந்து கிடந்த ஞானப்பற்கள் உட்பட, விரித்த ஓலைபோல ஒரே படத்தில் வந்து விழுந்தன. றொன்ற்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். அடுத்த சில வாரங்களிலேயே ஜேர்மானியப் பல் வைத்தியரான வால்க்கோவ் தம் வாயினுட் கண்ணாடித் தட்டை வைத்து 25 நிமிடம் அசையாது கிடந்து தம் பல்லைப் படம் பிடித்தார். கதிரின் தீங்கினை அந்நாளில் எவரும் அறியார். இன்று அத்தகைய ஒரு படத்தாற் பெறுவது, சில நாட்களில் மண்ணிலும் வானிலுமிருந்து இயல்பாகவே நம்மை வந்தடையும் கதிரின் அளவினதே.

இரண்டாவது படம் பக்கவாட்டிலிருந்து எடுப்பது. காதுத் துளைகளில் இரு முளைகளைப் பொருத்தித் தலையை அசையாது நிறுத்தினார்கள். "உதட்டை இறுக்கி மூடவேண்டாம், இயல்பாக விடுங்கள்" என்றார் படமெடுத்தவர். விட்டேன். உதடுகள் பிரிந்து நின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் அவற்றை வலிந்து மூடிக்கொண்டே நான் நடமாடுகிறேன் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் உணர்ந்ததில்லை.

அப்படத்தின்மீது கோடுகள் இழுத்துக் கோணங்களை அளந்தார்கள். மண்டையோட்டின் அடிக்கோட்டுக்கும் மேற்றாடைக்கும் இடைப்பட்ட கோணம் 82 பாகை இருப்பது நியமம் என்பது, அமெரிக்கரான ஸ்டைனர் 1953இல் வெளியிட்ட முறையில் உள்ளது. எனக்கு அதனினும் கூட. கலிபோர்னியாவில் வகுத்த நியமத்துக்கும் தென்மராட்சியிற் பிறந்த என் முகத்துக்கும் என்ன உறவு என்று கேட்டேன். வைத்தியர் சினக்கவில்லை. மக்களினத்துக்கு இனம் அந்த அளவு வேறுபடும் என்றும், அது வழிகாட்டியேயன்றிச் சட்டமன்று என்றும் விளக்கினார். பின்னர், முன்பற்கள் பின்வாங்க இடம் வேண்டும், அதற்காக மேலே இரண்டும் கீழே இரண்டுமாக முன்கடைவாய்ப் பற்கள் நான்கைப் பிடுங்கவேண்டிவரும் என்றார். நான்கும் பழுதற்ற பற்கள். பற்சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வேட் ஏங்கிள் பற்களைப் பிடுங்குவதை வன்மையாக எதிர்த்தவர் என்பதையும், அவர் மாணாக்கராகிய ருவீட் ஆசானுக்கு மாறாகப் பிடுங்கிக் காட்டினார் என்பதையும் பின்னர் வாசித்தறிந்தேன். உரையாசிரியர் மறுப்புக்களை நாலு வருடம் படித்தவளுக்கு இது புதிதன்று. ஆயினும் அங்கெல்லாம் மறுக்கப்பட்டது பிறர் கருத்து. இங்கே என் பல்.

அச்செடுத்தலே கடினமாக இருந்தது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறப்படும் அல்ஜினேற்று என்னும் மாவை நீரிற் குழைத்து, லாட வடிவான தட்டில் நிரப்பி, வாயினுள் அழுத்துவார்கள். ஒடியற் கூழின் பதம், புதினா மணம். முன்னாளில் அகர் என்ற வேறொரு பாசிப்பொருளே இதற்கு உதவியது. இரண்டாம் உலகப் போரில் யப்பானிலிருந்து அது வாராது நின்றமையால் அல்ஜினேற்று பரவியது. மூக்கால் மூச்செடுத்து முன்னே குனிந்திருக்கும்படி சொன்னார்கள். நான் குமட்டித் தலையை உதறினேன். அச்சு நழுவியது. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு உயிரெழுத்துக்களை மனத்துள் எண்ணத் தொடங்கினேன். ஆய்தமும் கடந்து மெய்யெழுத்துக்களிற் பாதி செல்லுமுன் இறுகிவிட்டது. நீர் வற்றினால் அச்சுச் சுருங்குமாதலால் உடனேயே பாரிசுச் சாந்து வார்த்தார்கள்.

பழுதான முதல் வார்ப்பினை எனக்கே தந்துவிட்டார்கள். விடுமுறைக்கு வீடு சென்றபோது அதனை மேசைமேல் வைத்தேன். அம்மா கையிலெடுத்து, அடுப்படி வெளிச்சத்திற் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ர பல்லெல்லே!"

"இல்லையம்மா, என்ர."

"அம்மம்மாவுக்கும் இப்பிடித்தான், இந்தப் பல்லு இதிலை ஏறி நிண்டது" என்று விரலால் தடவிக் காட்டினார். அம்மம்மா சிரித்தபடி நிற்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றேனும் இல்லை. உள்ள இரண்டிலும் சேலைத் தலைப்பு வாய்மீது கிடக்கிறது.

"எத்தினை பல்லுக் கழட்டுவினமாம்?"

"நாலு."

"சூத்தையோ?"

"இல்லை. நல்ல பல்லு."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "நோகுமோ பிள்ளை?" என்றார். விறைப்பூசி போடுவார்கள் என்றேன். ஊசியென்றால் மூன்று வீடு தள்ளி ஓடும் நானோ இதற்குச் சம்மதித்தேன் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்குமுன் வழமைபோலக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறு கையில் அந்த வார்ப்பு இருந்தது.

மேற்பற்கள் இரண்டும் வருகிற புதன்கிழமை பிடுங்கப்படும். கீழ்ப்பற்களுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.