எல்லாமே உரக்க ஒலித்தால்

‘மெட்டல்’ என்னும் இசையின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் குடும்பங்களில் பெரியவர்கள் பலர் முகம் சுளிக்கின்றனர். இரும்புப் பட்டறையின் இரைச்சல் என்பர் சிலர். இளைஞர் உள்ளத்தைக் கெடுப்பது என்பர் வேறு சிலர். அன்பு வாசகர்களே, அந்த வழக்கைத் தீர்க்க நான் இங்கு வரவில்லை. அவ்விசையை வீட்டிலேயே ஆக்குகின்ற இளைஞன் ஒருவனோடு அண்மையில் சில மாலைப்பொழுதுகளைக் கழித்தேன். பல ஒலிகளுக்கிடையே நீதியான பங்கீடு செய்வது எத்துணைக் கடினமான வேலை என்பதை அங்கே கண்டேன். அதைப் பற்றியே எழுத விழைகிறேன்.

இரும்புப் பட்டறை என்று சொல்வது முற்றிலும் பொருந்தாத பேச்சுமன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த டோனி ஐயோமி என்பவர், தமது 17ஆம் வயதில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை எந்திரத்திற்குப் பறிகொடுத்தார். உருக்கிய பிளாஸ்டிக்கால் விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய நரம்புகளைப் பூட்டி, பின்னாளில் அவற்றைத் தளர்த்தியும் கிட்டார் வாசித்தார். அவரது ‘பிளாக் சபாத்’ குழு 1970இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டையே மெட்டல் இசையின் தொடக்கமாகப் பலர் கொள்வர். உழைப்பாளியின் காயத்திலிருந்து பிறந்த கனத்த நாதம் அது.

வீட்டில் இசைப்பதிவு செய்வதும் நமக்குப் புதிதன்று. ஏ. ஆர். ரகுமான் 1989இல் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளாகத்திலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார்; 1992இல் ‘ரோஜா’ படத்தின் வழியாக நாடறிந்தவரானார். அன்று பெரும் பொருட்செலவு கேட்ட வேலையை இன்று ஒரு கணினியும், ஒரு மைக்கும், நல்ல ஹெட்போனும் செய்துவிடுகின்றன. செவியின் பயிற்சி ஒன்றுதான் இன்னும் மலிவாகவில்லை.

நான் குறிப்பிடும் இளைஞன் கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடைப்பட்ட மீனவர் குப்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவன். பகலில் செங்கல்பட்டில் வேலை, இரவில் இசை. கடல் தங்கள் கரையைத் தின்பதைப் பற்றிப் பாட்டு ஒன்று கட்டியிருந்தான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த பேரலை, அதன்பின் ஆண்டுதோறும் குறுகிவரும் மணல், படகு ஏற்ற இடமில்லாத காலை, கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவுக்காகக் காத்திருத்தல் ஆகிய யாவும் அப்பாட்டில் இருந்தன. அவன் தந்தை நெடுங்காலம் ஃபைபர் படகில் எந்திரத்தின் அருகிலேயே அமர்ந்து தொழில் செய்தவர். செவி சற்று மந்தம். அவருக்கென்றே எழுதிய பாட்டு அது. அதைக் கேட்டு முடித்த தந்தை சொன்னார்: “சத்தம் கேக்குதுடா, நீ சொல்றது கேக்கல.”

மகனுக்கு அது நெஞ்சில் தைத்தது. “பாட்டையே விட்டுவிடலாமா, ஃபாதர்?” என்று என்னிடம் வந்தான். குருமடத்தில் பாடகர் குழுவை நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது கொஞ்சமே; ஆயினும் அவனருகே அமர்ந்து கேட்டேன்.

நோய் எதுவென்று விரைவில் விளங்கிற்று. கிட்டார் மங்கலாகத் தோன்றினால் அதன் ஒலியை ஏற்றினான். அதனால் முரசு அடங்கியது; முரசை ஏற்றினான். பிறகு குரல் அமிழ்ந்தது, குரலையும் ஏற்றினான். இறுதியில் ஒலிமானி சிவப்பைத் தொட்டு நின்றது. எல்லாம் உரக்க ஒலித்தன, எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு திருப்பலியில் கீபோர்டும் கிட்டாரும் டிரம்மும் ஒன்றையொன்று முந்தும்போது நம் ஆலயங்களில் நிகழ்வதும் இதுவேயன்றோ? 1967இல் வெளிவந்த ‘மூசிக்காம் சாக்ராம்’ என்னும் திருச்சபை ஏடு, இசைக்கருவிகள் குரல்களைத் தாங்க வேண்டுமேயன்றி, சொற்கள் புரியாதபடி அவற்றை மூழ்கடிக்கக் கூடாது என்று தெளிவாகவே அறிவுறுத்துகிறது.

ஒருநாள் மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என வழங்கும் பாறைச் சிற்பத்தின் முன் இருவரும் நின்றோம். ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உள்ள பாறைப்பரப்பு. பெரிய யானையும் அதில் உண்டு; தவம் செய்யும் பூனையும் உண்டு; பூனையைச் சுற்றி எலிகளும் உண்டு. யானை பூனையை மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடத்தைச் சிற்பி ஒதுக்கிவைத்தான். அன்றியும், சிற்பி கல்லைக் கூட்டுவதில்லை, கழிக்கிறான். “கூட்டுவதை விட்டுக் கழிக்கத் தொடங்கு” என்றேன்.

அவ்வாறே எல்லா ஒலிகளையும் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். முதலில் முரசையும் பேஸ் கிட்டாரையும் மட்டும் சேர்த்தான். இரண்டும் தாழ்ந்த ஒலிகளாதலால் ஒரே இருக்கைக்குப் போட்டியிடுவன. கால்முரசின் அடிக்கு 60 ஹெர்ட்ஸ் அருகிலும், அதன் ‘டக்’ என்னும் தட்டலுக்கு 3,000 ஹெர்ட்ஸ் அருகிலும் இடம் தந்து, பேஸ் கிட்டாரை அவற்றினின்று சற்று விலக்கினான். அடுத்துக் கிட்டார். மெட்டல் கிட்டாரின் கரகரப்பு ஓர் அளவைத் தாண்டினால் கனம் கூடுவதில்லை, குழைந்துபோகிறது. ஆகவே கரகரப்பைக் குறைத்தான். ஒரே பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை இடச்செவிக்கும் மற்றதை வலச்செவிக்கும் அனுப்பினான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைக் கிட்டாரிலிருந்து வெட்டியெறிந்தான். அது பேஸுக்குரிய நிலம். நடுவே வெற்றிடம் பிறந்தது. அந்த இடத்தில் குரலை வைத்தான். குரலின் ஒலியளவை அவன் ஏற்றவேயில்லை. ஆயினும் சொற்கள் எழுந்து நின்றன.

இன்னொரு பாடமும் உண்டு. 1933இல் ஃப்ளெச்சர், மன்சன் என்னும் ஆய்வாளர் இருவர், மனிதச் செவி எல்லாச் சுரங்களையும் ஒன்றுபோல் கேட்பதில்லை என்று அளந்து காட்டினர். ஒலி குறையக் குறையத் தாழ்ந்த சுரங்கள் நமக்கு மிக விரைவில் மறைகின்றன. உரக்க வைத்தால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் செவி மயங்குகிறது. ஆதலால் பக்கத்தில் இருவர் பேசிக்கொள்ளக்கூடிய அளவில் வைத்தே பங்கீடு செய்ய வேண்டும். இடையிடையே செவிக்கு ஓய்வு தர வேண்டும். இறுதியில் சிறிய கைப்பேசியிலும் போட்டுப் பார்க்க வேண்டும். தந்தை கேட்கப்போவது கைப்பேசியில்தானே!

இவ்விசையில் புகழ்பெற்றவர்களும் இத்துறையில் இடறியதுண்டு. அமெரிக்காவின் மெட்டாலிகா குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986இல் பேருந்து விபத்தில் இறந்தார். அவரிடத்திற்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988இல் வெளியான ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ என்னும் தொகுப்பில் அவரது வாசிப்பு ஏறத்தாழக் கேட்கவேயில்லை. ‘அனைவர்க்கும் நீதி’ எனப் பொருள்படும் தலைப்பின்கீழ், புதிதாக வந்தவனுக்கு மட்டும் குரல் கிட்டவில்லை! அதே குழு 2008இல் வெளியிட்ட ‘டெத் மேக்னெட்டிக்’ அளவுமீறிய உரப்பால் சிதைந்து ஒலிக்கிறதென்று இரசிகர்களே முறையிட்டனர். இன்றோ அவ்வுரப்பால் பயனுமில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனங்கள் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்பதுபோல் ஓர் அளவை வைத்துக்கொண்டு, கூச்சலிடும் பாட்டைத் தாமே தாழ்த்திவிடுகின்றன.

சில வாரங்களுக்குப்பின் தந்தை மீண்டும் கேட்டார். தூண்டில் வளைவு என்ற சொல் வந்தபோது தலையசைத்தார். முடிந்ததும், “நாலாவது அடியில காத்த தப்பாச் சொல்லிட்ட, அந்த மாசம் வாடக் காத்துடா” என்றார். மகனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன வேண்டும்? பிழை திருத்தும் அளவுக்குச் சொற்கள் அவரை எட்டிவிட்டனவே! அன்றிரவே அந்த அடியை மாற்றிப் பாடிப் பதிவு செய்தான். பாட்டை விட்டுவிடும் எண்ணம் அத்துடன் அகன்றது.

பெற்றோர்க்கு ஒரு சொல். உங்கள் மகனோ மகளோ இவ்விசையில் ஈடுபட்டால், கதவை அறைந்து சாத்தாதீர்கள். ஒருமுறை அருகே அமர்ந்து, எந்தச் சொல் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்ல வெளியாளின் செவியே தேவை. பாட்டை எழுதியவனுக்குத் தன் சொற்கள் மனப்பாடமாதலால் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். கூடவே செவிநலத்தையும் பாருங்கள். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்குமேல் கேட்பது தீங்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்திற்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது மருத்துவ அறிவுரை.

இளைஞர்க்கும் ஒரு சொல். உன் பாட்டில் ஒன்று கேட்கவில்லையெனில், அதை உயர்த்துமுன் எது அதை மறைக்கிறதென்று பார். பல குரல்கள் வாழும் நம் வீடுகளிலும் இந்த விதியை எடுத்துப் பார்க்கலாம். உணவு மேசையில் யார் பேசுவது கேட்கவில்லையோ, அவர் உரக்கப் பேச வேண்டியதில்லை. மற்றவர் சற்றுத் தாழ்த்தினாலே போதும்.