சித்தப்பாவுக்கு ஒரு குதிரைக் கதை

சேவேஜ், மினசோட்டா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதை நடுவில் விட்டுவிடாதீர்கள். குளிர்காலம் வந்தால் மறுபடியும் படுத்தும்.

அன்றைக்குப் போனில், "நீ இருக்கிற ஊர்ல குதிரை வண்டி ஓடுதாடா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் தம்பி போனை வாங்கிவிட்டான், பேச்சு நிலப் பத்திரத்துக்குப் போய்விட்டது. பழனி அடிவாரத்தில் காலமெல்லாம் ஜட்கா ஓட்டியவர் கேட்ட கேள்விக்கு "ஓடுது" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. நான் குடியிருக்கும் இந்த ஊரே ஒரு வண்டிக் குதிரையால் பேர் பெற்ற ஊர். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே ஜட்கா போல ஆள் ஏற்றுகிற வண்டி கிடையாது. பந்தய வண்டி உண்டு. இந்த மாநிலத்திலேயே கொலம்பஸ் என்கிற ஊரில் அதற்கென்று ஒரு மைதானம் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். வண்டிக்குச் சல்க்கி என்று பெயர். இரண்டு சக்கரம், ஒரே ஆசனம், கூரையும் இல்லை, பலகையும் இல்லை. ஓட்டுகிறவர் குதிரையின் வாலுக்குப் பின்னாலேயே கால் இரண்டையும் அகட்டி நீட்டி உட்கார்ந்துகொள்கிறார். குளம்பு கிளப்புகிற மண் நேராக முகத்தில் அடிக்கிறது. வேலியோரம் நின்ற என் சட்டையிலும் வந்து விழுந்தது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று, உங்களுக்குச் சட்டென்று புரியும். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது. பாய்ச்சல் எடுத்துவிட்டால் ஓட்டுகிறவர் கடிவாளத்தை இழுத்து ஒதுங்கி, மற்ற வண்டிகளுக்கு வழி விட்டு, பழைய நடைக்குத் திருப்பிய பிறகுதான் தொடரலாம். அனுமதிக்கப்பட்ட நடை இரண்டே. ஒன்று, நம் ஜட்காக் குதிரை லட்சுமி ஓடுமே அது: வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து விழும், பிறகு மற்ற ஜோடி. இன்னொன்றில் வலப்பக்கக் கால்கள் இரண்டும் ஒன்றாக, இடப்பக்கக் கால்கள் இரண்டும் ஒன்றாக. ஒட்டகம் நடப்பது போல. உடம்பு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே வரும், ஆனால் வேகம் இதில்தான் அதிகம். நடை தவறாமல் இருக்க இப்போது ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் வளையம் போட்டு வார் கட்டி இணைத்துவிடுகிறார்கள். நான் சொல்லப்போகிற குதிரைக்கு அந்தக் கட்டு இருந்ததில்லை. அதன் கால்களே அந்த நடையை அறிந்திருந்தன.

அதன் பெயர் டேன் பேட்ச். 1896 ஏப்ரலில் இந்தியானா மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் பிறந்தது. டேன் மெஸ்னர் என்ற கடைக்காரர் ஸெலிகா என்ற பெட்டைக் குதிரையை 255 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, ஜோ பேட்சன் என்ற பேர்போன பந்தயக் குதிரையோடு சேர்த்தார். பிறந்த குட்டிக்குத் தன் பெயரில் பாதி, தகப்பன் குதிரையின் பெயரில் பாதி. குட்டியோ பின்னங்கால் கோணலாகப் பிறந்திருந்தது. தானாக எழுந்து நின்று பால் குடிக்க முடியவில்லை, ஆள் தாங்கிப் பிடித்துத்தான் குடிக்க வைத்தார்கள். இது எதற்கும் உதவாது, கொன்றுவிடுங்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம்.

அந்தக் குட்டியைப் பழக்கியவர் ஜான் வாட்டில்ஸ் என்ற பெரியவர். வாடகைக்குக் குதிரையும் வண்டியும் விடுகிற லாயக்காரர். உங்களைப் போன்ற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். நல்ல ரத்தத்தில் பிறந்த குட்டி, கூட்டிப்போய் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். அவருக்கு அவசரம் இல்லை. நாலு வயசு வரைக்கும் பந்தயத்துக்கே விடவில்லை. ஊர்த் தெருவில் வண்டியில் பூட்டி, மெல்ல மெல்ல நடை பழக்கினார். வேகம் எடுக்கும்போது இடது பின்னங்கால் வெளிப்பக்கமாக வீசி வந்து சக்கரத்தில் அடித்தது. காலைத் திருத்தப் போகவில்லை அவர்கள். அச்சை நீளமாக்கி, சக்கரத்தை விலக்கி, அதற்கென்றே ஒரு வண்டி செய்தார்கள். குதிரைக்குத் தகுந்த மாதிரி வண்டியை மாற்றிய அந்த ஒரு காரியத்தில்தான் பின்னால் வந்த அத்தனை பெருமையும் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

1900 ஆகஸ்டு கடைசியில் பக்கத்து ஊரான பாஸ்வெல் சந்தையில் முதல் பந்தயம். வென்றது. அந்தக் காலத்தில் ஒரு பந்தயம் என்றால் ஒரே ஓட்டம் இல்லை. ஒரே நாளில் மைல் மைலாகப் பல சுற்று ஓடி, அதிகச் சுற்று ஜெயித்த குதிரைக்குத்தான் வெற்றி. டேன் பேட்ச் தன் வாழ்நாளில் இரண்டே இரண்டு சுற்றுகளில்தான் பின்தங்கியது. பந்தயம் என்று ஒன்றைக்கூடத் தோற்றதில்லை. 1901-லிருந்து மைரன் மக்ஹென்றி என்ற கைதேர்ந்த ஓட்டுநர் பெரிய ஊர்களுக்குக் கூட்டிப்போனார். 1902-ல் ஒரு மைலை 1 நிமிடம் 59¼ நொடியில் கடந்தது. இரண்டு நிமிடத்துக்குள் மைலை முடித்த முதல் குதிரையான ஸ்டார் பாயிண்டர் 1897-ல் வைத்த கணக்கும் அதேதான்.

பேர் வந்தால் பொறாமையும் வரும் அல்லவா? மெஸ்னரின் லாயத்தில் இருந்த இன்னொரு குதிரைக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். மனிதர் பயந்துபோய் 1902-ல் டேன் பேட்சை 20,000 டாலருக்கு விற்றுவிட்டார். அதே வருஷக் கடைசியில் அது மறுபடி கைமாறியது, இந்தத் தடவை 60,000 டாலர். வாங்கியவர்தான் எங்கள் ஊர்க்காரர், மேரியன் வில்லிஸ் சேவேஜ். மினியாபொலிஸில் கால்நடைத் தீவனம் விற்கிற பெரிய வியாபாரி. அப்போது ஹாமில்டன் என்று இருந்த இந்தக் கிராமத்தில் அவர் குதிரைப் பண்ணை போட்டார், பிறகு ஊருக்கே அவர் பெயர் வந்தது.

அவர் கட்டிய லாயத்தைப் பற்றிச் சொன்னால் சித்தி சிரிப்பார். நடுவில் வெங்காய வடிவக் குமிழ், உள்ளே குளிருக்குச் சூடேற்றிய அறைகள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் தாஜ் மஹால். பனியிலும் குதிரை ஓடிப் பழக அரை மைல் ஓடுபாதைக்கே கூரை போட்டு, சுவரெல்லாம் கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார். ஜனவரியில் இங்கே மூச்சு விட்டால் மீசையில் பனி உறைகிறது, அதனால் அந்தக் கூரையின் அருமை எனக்குத் தெரியும்.

சேவேஜ் வாங்கிய பிறகு பந்தயம் என்பது அநேகமாக நின்றுபோனது. இந்தக் குதிரையோடு போட்டி போட யாரும் வரவில்லை, தோற்பதற்கென்று எவன் குதிரையைக் கொண்டுவருவான்? ஆகவே டேன் பேட்ச் கடிகாரத்தோடு ஓடியது. ஊர் ஊராகச் சந்தைக்குப் போவது, ஒரு மைல் ஓடுவது, நேரத்தைக் குறைப்பது. ரோஷத்தைக் கிளப்ப, பாய்ந்து ஓடுகிற ரேஸ் குதிரை ஒன்றை வண்டியில் பூட்டி முன்னாலும், இன்னொன்றைப் பக்கத்திலும் விடுவார்கள். அவை நாலுகால் பாய்ச்சலில் போகும், இது தன் நடை மாறாமல் அவற்றைப் பிடித்துக்கொண்டு போகும். 1903-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் 1:56¼. மறு வருஷம் அங்கேயே 1:56. 1905 அக்டோபரில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் 1:55¼.

அந்த 1904 மெம்ஃபிஸ் ஓட்டத்துக்கு முன்னால் நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். செப்டம்பரில் கான்சாஸ் மாநிலம் டொபீக்காவில் வயிறு கட்டிக்கொண்டு குதிரை விழுந்துவிட்டது. மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். சாகப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எப்படியோ தேறி எழுந்தது. அடுத்த மாதமே மெம்ஃபிஸில் தன் கணக்கையே முறியடித்தது. இதைப் படித்தபோது, லட்சுமி வயிற்று வலியில் புரண்ட ராத்திரி நீங்கள் லாந்தரை வைத்துக்கொண்டு விடிய விடிய அதன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு நமக்கு அப்படி ஒரு விடியல் வாய்க்கவில்லை. வண்டிக்குதிரைதானே என்று பேசினவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, சித்தப்பா.

1906 செப்டம்பர் 8. மினசோட்டா மாநிலப் பொருட்காட்சி. 93,000 பேர் கூடியிருந்தார்கள் என்று சொல்கிறார்கள். ஹாரி ஹெர்ஸி ஓட்டினார். டேன் பேட்சுக்கு அப்போது வயசு பத்து. ஒரு மைலை 1 நிமிடம் 55 நொடியில் முடித்தது. நம் கணக்கில் மணிக்கு 50 கிலோமீட்டர், அதுவும் பாயாமல். ஆனால் முன்னால் போன வண்டியின் சக்கரங்களுக்கு நடுவே புழுதி அடிக்காமல் இருக்கத் துணி மறைப்பு கட்டியிருந்தார்கள். காற்றையும் அது தடுக்கும் என்பதால் பந்தயச் சங்கத்தார் அந்த நேரத்தை ஏற்கவில்லை. ஏட்டில் நின்றது லெக்சிங்டனின் 1:55¼ மட்டுமே. சங்கத்தார் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது, எல்லாக் குதிரைக்கும் ஒரே விதிதான் இருக்க வேண்டும். ஆனாலும் மைதானத்தில் நின்று பார்த்த ஜனங்களுக்கு அந்தக் கால் நொடி வித்தியாசம் ஒரு பொருட்டா? அவர்கள் கண்ணால் கண்டதை ஏடு எடுத்துவிட முடியாது. ஏட்டில் நின்ற கணக்கையும் 1938-ல் பில்லி டைரக்ட் என்ற குதிரை 1:55-ல் ஓடும் வரை எதுவும் முறியடிக்கவில்லை. இப்போது வண்டி, ஓடுபாதை, குதிரை வளர்ப்பு எல்லாமே மாறிவிட்டன. 2022-ல் புல்டாக் ஹானோவர் 1:45.8-ல் ஓடியிருக்கிறது.

சேவேஜ் நல்லவரா என்று நீங்கள் கேட்பீர்கள். குதிரையை வைத்து அவர் சம்பாதித்த சம்பாத்தியம் கொஞ்சநஞ்சம் இல்லை. தனி ரயில் பெட்டியில் ஊர் ஊராக அழைத்துப்போனார். தீவன விளம்பரத்தோடு அதன் படத்தை அச்சடித்து ஜனங்களுக்கு அனுப்பினார். சுருட்டு, பொம்மை, பனிச்சறுக்கு வண்டி, துணி துவைக்கிற இயந்திரம் என்று எதை எடுத்தாலும் டேன் பேட்ச் பெயர். மினியாபொலிஸிலிருந்து போட்ட ஒரு ரயில் பாதைக்குக்கூட அந்தப் பெயர்தான் வழங்கியது. இத்தனை இரைச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குதிரையை அவர் பட்டினி போடவில்லை, அடித்து ஓட்டவில்லை, வயதானதும் விற்றுத் தள்ளவும் இல்லை. 1909-ல் ஓட்டத்தை நிறுத்தி, அதே லாயத்தில் கடைசிவரை வைத்திருந்தார். பாண்டு வாத்தியம் முழங்கினாலும் மிரளாமல், ஓடுவதற்கு முன் நின்று கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கிளம்புமாம் அது. மிரட்டி வளர்த்த குதிரை அப்படி நிற்காது என்பதை நான் உங்களிடம்தான் கற்றேன்.

1916 ஜூலை 11 அன்று டேன் பேட்ச் இதயம் நின்று இறந்தது. வேறொரு சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்த சேவேஜ் மறுநாள் இறந்துபோனார். துக்கம் தாங்காமல் போனார் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அது எப்படியோ, குதிரையின் உடலைப் பாடம் செய்து வைக்க அவர் எண்ணியிருந்தார், அவர் போனதும் அது நடக்காமல் போயிற்று. எங்கேயோ ஆற்றோரமாகப் புதைத்தார்கள். கல் இல்லை, அடையாளம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் அது பிறந்த கொட்டகையை மட்டும் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அடுத்த கோடையில் விடுமுறை கிடைத்தால் அங்கே போய்ப் பார்த்து, படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். பின்னங்கால் வெளியே வீசுகிற குட்டி நம்மிடம் வந்திருந்தால் லாடத்தை ஒரு பக்கம் கனமாக அடித்துச் சரிசெய்திருப்பீர்களா, அல்லது வாட்டில்ஸ் மாதிரி வண்டியைத்தான் மாற்றியிருப்பீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். தம்பி போனை வாங்குவதற்குள் பதிலைச் சொல்லிவிடுங்கள்.

சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மகன்
செந்தில்