டாம்பா கால்வாயில் வேலம்பாசி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மீன்தொட்டி வளர்ப்பவர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். கூட்டம் நடக்கும் நாளில் மேசை நிறைய பிளாஸ்டிக் பைகள். பைக்குள் கொஞ்சம் தண்ணீர், ஒரு கொத்து நீர்ச்செடி, வெளியே பெயர்ச்சீட்டு. ஒருவர் தொட்டியில் மிஞ்சியது இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது. நம் ஊரில் விதை மாற்றிக்கொள்வது போலத்தான்.

பெயர்ச்சீட்டு தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு, அதே மாநிலத்து டாம்பா நகரமே சாட்சி. 1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து தொட்டி அழகுக்காக ஒரு செடி அங்கே போய்ச் சேர்ந்தது. சரக்கு பிடிக்காத வியாபாரி அதைக் கால்வாயில் கொட்டினார். அது தழைத்துவிட்டது. வேறொன்றுமில்லை, நம் குளத்து வேலம்பாசிதான், ஹைட்ரில்லா என்பார்கள். எலோடியா என்கிற வேறு செடியாகவே அதை முதலில் நினைத்தார்கள். பிறகு ஏரி ஏரியாகப் பரவி, படகு போக வழியில்லாமல் செய்தது. கடைசியில் அதைத் தின்ன, இனப்பெருக்கம் செய்யாத புல்கெண்டைகளை விட வேண்டியதாயிற்று.

அடையாளம் காண்பது கடினமில்லை. எலோடியாவுக்கு ஒரு கணுவில் பெரும்பாலும் 3 இலை, தடவினால் வழுவழுப்பு. வேலம்பாசிக்கு 4 முதல் 8 வரை. விரலால் உருவினால் சொரசொரக்கும். சந்தேகமா, வேரைத் தோண்டிப் பார்க்கலாம். சிறு கிழங்கு இருந்தால் வேலம்பாசி. அந்தக் கிழங்கு சேற்றுக்குள் சில ஆண்டுகள் உறங்கிக் கிடந்தும் முளைக்கும். கோரையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்று ஃபுளோரிடாவில் வேலம்பாசி தடை செய்யப்பட்ட செடி. அது மேசைக்கு வரக்கூடாது. தொட்டியில் மிஞ்சும் மற்ற செடிகளையும் நன்றாகக் காயவைத்துத்தான் குப்பையில் போட வேண்டும். ஒரு கணு கால்வாயில் விழுந்தாலும் போதும்.