கை எட்டாததும் வாய் சொல்லாததும்

என் கவிதைகளைப் பாராட்டுபவர்கள் பெரும்பாலும் "மனம் திறந்து எழுதியிருக்கிறீர்கள்" என்பார்கள். எந்தச் சொல்லை ஏன் அடித்தேன் என்று யாரும் கேட்பதில்லை. கனடியப் பாடகி ஜோனி மிச்செலுக்கும் இதேதான் நடந்தது. 1971இல் வந்த அவருடைய 'ப்ளூ' தொகுப்பை இன்றும் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்கிறார்கள், மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டதைப்போல.

1963இல் சாஸ்கடூன் வானொலி நிலையத்தில் அவர் பாடிய பதிவு 2020இல் வெளியானது. எல்லாம் பிறர் பாடிவந்த பழைய நாட்டார் பாடல்கள். மெல்லிய, உயர்ந்த குரல். பாடல் எதுவும் அவருடையதல்ல. பிறகு டொரொன்டோவுக்குப் போனபோது, அங்குள்ள பாடகர்கள் ஆளுக்குச் சில பாடல்களைத் தமதென்று வைத்துக்கொண்டு அவரைப் பாடவிடவில்லை. அதனாலும் சொந்தமாக எழுதத் தொடங்கியதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்பது வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது கையைப் பலவீனமாக்கியிருந்தது. கிட்டார் கம்பிகளை வழக்கமான முறையில் அழுத்திப் பிடிப்பது சிரமம். அவர் கம்பிகளின் சுருதியையே மாற்றினார். குறைந்த விரல்களால் வாசிக்கலாம். ஒலியோ முடிந்தும் முடியாததுமாகக் கேள்விபோல் நிற்கும். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறியது. கை எட்டாத இடத்திலிருந்து அவருடைய இசைமொழி வந்தது.

சொல்லும் மெதுவாகத்தான் மாறியது. 1968இல் வந்த முதல் தொகுப்பில் அலங்காரம் அதிகம். தனிமையைச் சொல்லக்கூட, நகரத்தில் கடிதத்துக்குக் காத்திருக்கும் மார்சி என்ற இன்னொரு பெண் தேவைப்பட்டாள். 'ப்ளூ'வில்தான் அலங்காரம் உதிர்ந்து 'நான்' முன்னால் வருகிறது.

ஆனால் அதிலும் ஒரு பாட்டு முகத்தை மூடிக்கொண்டிருக்கிறது: 'லிட்டில் கிரீன்'. 1965 பிப்ரவரியில், மணமாகாத நிலையில், அவர் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். கனடாவில் கருத்தடைச் சாதனம் விற்பது 1969 வரை குற்றம். மணமாகாமல் தாயாவது பெரும் அவமானம். வறுமையில் குழந்தையைத் தத்துக்கொடுத்தார். தான் வைத்த பெயரை ஒரு நிறமாக மாற்றிப் பாடலுக்குள் ஒளித்தார். 1967இலேயே மேடையில் பாடிய அந்தப் பாட்டு தொகுப்பில் இடம்பெற நான்கு ஆண்டுகள் ஆயின. வந்தபோது, புரியவில்லை என்று ஒரு விமர்சகர் குறைபட்டார். உண்மை 1990களில்தான் வெளியே தெரிந்தது. 1997இல் தாயும் மகளும் சந்தித்தார்கள்.

அகப்பாடலில் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று வகுப்பில் நடத்துகிறேன். அது இலக்கணம் வகுத்த விதி. இந்தத் தாய் மகளின் பெயரை மறைத்தது ஊருக்குப் பயந்து. ஆகவே, ஒரு பெண்ணின் பாட்டில் ஏதோ ஒன்று புரியாமல் மூடியிருந்தால், அதைக் குறையென்று ஒதுக்காதீர்கள் என்று மாணவிகளிடம் சொல்வேன். வெளிப்படையாகச் சொன்னால் அவள் எதை இழந்திருப்பாள் என்று கேளுங்கள்.