ஈயத்தில் நின்ற அகல எழுத்து

இத்தாலியின் திரெவீசோ மாவட்டத்தில், கோர்னூடா என்னும் சிற்றூரில் திப்போதேக்கா அச்சு அருங்காட்சியகம் இருக்கிறது. மூடப்பட்ட அச்சகங்களிலிருந்து திரட்டிய எந்திரங்களும் எழுத்துக் கேஸ்களும் இங்கே இன்னும் வேலை செய்கின்றன. நான் பார்க்க வந்தது மைக்ரோகிராமா. அலெஸ்ஸாந்த்ரோ புத்தியும் ஆல்தோ நொவாரெசேயும் வரைய, தூரின் நகரத்து நெபியோலோ வார்ப்பகம் 1952இல் வெளியிட்ட எழுத்து அது. பெரிய எழுத்துகள் மட்டுமே கொண்டது. 1962இல் நொவாரெசே சிறிய எழுத்துகளையும் சேர்த்து அதை யூரோஸ்டைல் ஆக்கினார். அதன் ‘ஓ’ வட்டமல்ல; அக்காலத் தொலைக்காட்சித் திரைபோல மூலை மழுங்கிய சதுரம். ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்தின் விண்கலங்களில் யூரோஸ்டைல் இடம்பெற்ற பிறகு, அகன்ற சதுர எழுத்தைக் கண்டாலே எதிர்காலம் என்று கண் பழகிவிட்டது. ஆனால் அந்தத் தோற்றத்தைத் தாங்குவது தொழிலாளியின் கண்ணும் கையும்தான் என்பதை அச்சுக்கோப்பவரின் மேசைக்கருகில் நின்றால் உணரலாம்.

அளவுகோலும் காம்பஸும் போதாதா என்று கேட்கலாம். போதாது. கிடைக்கோட்டையும் நிலைக்கோட்டையும் ஒரே தடிப்பில் போட்டால், கிடைக்கோடு தடித்துத் தெரியும். நேர்கோட்டின் முனையில் கால்வட்டத்தை அப்படியே ஒட்டினால், சேரும் இடம் முட்டிபோல் துருத்தும். அதனால்தான் இந்த எழுத்தின் பக்கங்கள் மிக மெல்ல வெளியே வளைகின்றன. எவ்வளவு வளைவு என்பதைக் கண்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த சிக்கல் அச்சுக்கோப்பில் வருகிறது. ‘எல்’லுக்குப் பக்கத்தில் ‘ஏ’ வந்தால் நடுவே பெரிய ஓட்டை. எழுத்து அகலமாக இருப்பதால் அது இன்னும் உறுத்துகிறது. ஒவ்வோர் எழுத்தும் தன் உலோகக் கட்டையில் நிற்பதால் அந்த இரண்டையும் நெருக்க முடியாது. கட்டையை அரிந்து நெருக்கலாம்தான், ஆனால் அந்த எழுத்து பிறகு மற்ற வரிகளில் தொல்லை தரும். எனவே மற்ற எழுத்துகளுக்கிடையே பித்தளைத் தகடு, செம்புத் தகடு, சில இடங்களில் காகிதக் கீற்று என்று செருகி, முழு வரியையும் அந்த ஓட்டைக்கு ஈடாகத் தளர்த்துகிறார்கள். புரூஃப் எடுத்து, பார்த்து, மறுபடி அவிழ்க்கிறார்கள். நாலு சொல் தலைப்புக்கு இத்தனை உழைப்பு!

திரைப்படம் தந்த பொருளைத்தானே இந்த எழுத்து சுமக்கிறது என்பது வலுவான மறுப்பு. பாதி ஏற்கிறேன். ஆனால் உயரம் குறைந்த பட்டையிலும் உள்வெளி அடைபடாமல் படிக்க முடிகிற எழுத்து இது. கருவிப் பலகைகளுக்கு இயல்பாகவே பொருந்தும். அந்தத் தகுதி படத்துக்கு முன்பே ஈயத்தில் வார்க்கப்பட்டிருந்தது. கணினி வந்தபின் இடைவெளி தானாக அமைகிறதே என்பாரும் உண்டு. தானாக அல்ல. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் எவ்வளவு நெருங்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து, ஜோடி ஜோடியாகப் பார்த்து, எழுத்துருவுக்குள் எழுதி வைக்கிறார். அச்சுக்கோப்பவர் ஒரு வரிக்குச் செய்ததை அவர் நூற்றுக்கணக்கான ஜோடிகளுக்குச் செய்கிறார். புத்தி, நொவாரெசே பெயர்கள் எழுத்து வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்டன. அச்சு வெட்டியவர், வார்த்தவர், கோத்தவர் பெயர்களை அவற்றில் தேடிப் பிடிப்பது அரிது.