வேலை செய்யாத கம்பி



வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருக்கும் தச்சுக் கொட்டகையின் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், கரண்டு எப்படி இழுத்தீங்க? எவ்வளவு செலவாச்சு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் கொட்டகை இல்லாதவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது.

கொட்டகை பதினைந்துக்குப் பத்தடி. வீட்டுச் சுவரிலிருந்து அறுபதடி தள்ளி இருக்கிறது. உள்ளே பம்பரமும் மணிச்சட்டமும் செய்ய 1 எச்.பி. மோட்டார் வைத்த மரக் கடைசல் இயந்திரம், ஒரு டிரில்லிங் மெஷின், தூசி உறிஞ்ச ஒரு வாக்குவம் கிளீனர். வேலை செய்பவன் நான் ஒருவன்தான். ஆனால் விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் செருப்பில்லாமல் ஓடி வந்து நிற்கும் இடமும் அதுதான். அதை மனத்தில் வைத்துத்தான் திட்டம் போட்டேன்.

முதலில் தாளில் கணக்கு. 1 எச்.பி. என்றால் 746 வாட் என்று படித்திருப்பீர்கள். அது மோட்டார் வெளியே கொடுக்கும் வேலை. மின்சாரத்தை அதைவிட அதிகமாகவே வாங்கும். ஓடும்போது சுமார் ஆறரை ஆம்பியர், கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. 1,200 வாட் வாக்குவம் கிளீனருக்கு 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்த்து 12 ஆம்பியர். எங்கள் வீட்டுக்கு மின்வாரியம் அனுமதித்த மின்பளு 4 கிலோவாட். 230 வோல்ட்டில் அது 17 ஆம்பியர் சொச்சம். 2,000 வாட் கீசரும் கொட்டகையும் ஒரே நேரத்தில் ஓடினால் தாங்காது. அதனால் எல்லாரும் குளித்து முடித்த பிறகுதான் கடைசல் என்று வீட்டில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

அடுத்து, கம்பி. இங்கே வயரிங் செய்ய வந்த தம்பி நல்ல வேலைக்காரர், உரிமம் வைத்திருப்பவர். கொட்டகையைப் பார்த்ததும், "சார், இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு? ஜன்னல் வழியா ஒரு வயரை இழுத்து ரெண்டு பிளக் பாயின்ட் வெச்சுட்டா முடிஞ்சுது" என்றார். ஊரில் பாதிக் கொட்டகைகளுக்கு அப்படித்தான் மின்சாரம் போகிறது. வெயிலில் வெடித்த வயர் மூங்கில் கழியில் தொங்கும், அதில் துணியும் காயும். நான் ஒப்பவில்லை. இரண்டரை அடி ஆழத்தில் பள்ளம் வெட்டி, மணல் பரப்பி, இரும்புக் கவசம் போட்ட மூன்று கோர் செம்பு கேபிளைப் பதித்து, மேலே மறுபடி மணல், அதற்கு மேல் ஒரு வரிசை செங்கல். 2.5 சதுர மில்லிமீட்டர் போதும் என்றார் தம்பி. ஓடுவதற்குப் போதும்தான். ஆனால் மோட்டார் கிளம்பும்போது அறுபதடி போய்வருவதற்குள் அந்தக் கம்பியில் 9 வோல்ட் தொலையும். 4 சதுர மில்லிமீட்டரில் 6 வோல்ட்டோடு போகும். ஆகவே 4. பள்ளம் மூடுவதற்கு முன் டேப் பிடித்து அளந்து படமும் எடுத்துக்கொண்டேன். பத்து வருடம் கழித்துத் தென்னங்கன்று வைக்கக் கடப்பாரை எடுப்பவனுக்குக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டாமா?

உள்ளே மூன்று விஷயங்களைக் கவனித்தேன்.

ஒன்று, ஸ்டார்ட்டர். மின்தடை நம் ஊரில் புதிதல்ல. இயந்திரம் ஓடும்போது கரண்டு போகிறது. சுவிட்சை அணைக்க மறந்து, சிக்கிய மரத்தூளைக் கையால் எடுக்கிறோம். அந்த நேரம் கரண்டு வந்தால்? சாதாரண சுவிட்ச் என்றால் இயந்திரம் தானாகச் சுற்றத் தொடங்கிவிடும். கிணற்று மோட்டாருக்கு வைப்பது போலப் பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள ஸ்டார்ட்டர் என்றால், கரண்டு போனதும் உள்ளே இருக்கும் காயில் பிடியை விட்டுவிடும். மறுபடி பச்சையை அழுத்தினால்தான் ஓடும்.

இரண்டு, விளக்கு. பழைய சோக் வைத்த டியூப் லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. கடைசல் நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது நொடிக்கு 25. ஒரு சுற்றுக்கு விளக்கு நான்கு முறை பளிச்சிடும். ஒவ்வொரு பளிச்சுக்கும் கட்டை சரியாகக் கால் சுற்று திரும்பியிருக்கும். அது சதுரக் கட்டையாக இருந்தால் அசையாமல் நிற்பது போலத் தெரியும்! நிற்கிறது என்று கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மினுக்காத நல்ல எல்.இ.டி. விளக்குகள். அவற்றுக்குத் தனி சர்க்யூட். இயந்திரத்தின் பக்கம் ஏதாவது டிரிப் ஆனாலும், உளியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்கக் கூடாது.

மூன்று, மெயின் சுவிட்ச் வாசலுக்கு அருகில், பூட்டுப் போடும் வசதியுடன். சாவி என்னிடம். பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் தரையிலிருந்து நான்கடி உயரத்தில், மரத்தூள் போய் அடையாத இடத்தில்.

இனிமேல்தான் முக்கியமான சேதி.

எல்லாம் முடியும் தறுவாயில் தம்பி கேட்டார்: "எர்த்துக்குத் தனியா குழி வேணுமா சார்? பிளக் பாயின்ட்டிலேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒண்ணா லூப் பண்ணிடலாம். பல வீட்ல அப்படித்தான்." பல வீடுகளில் அப்படித்தான் என்பது உண்மை. அதுதான் பயம். அந்த நியூட்ரல் கம்பி எங்காவது ஓரிடத்தில் அறுந்தால், இயந்திரத்தின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். இயந்திரம் ஓடாது. என்ன ஆயிற்று என்று தொட்டுப் பார்க்கப் போகிறவருக்குத்தான் ஆபத்து.

ஏழாம் வகுப்பில் மூன்று பின் பிளக்கைக் கழற்றிக் காட்டியது சிலருக்கு நினைவிருக்கலாம். எர்த் பின் மட்டும் ஏன் தடிமனாக, நீளமாக இருக்கிறது? செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். கரண்டு வருவதற்கு முன் காவல் வந்துவிடுகிறது. பச்சைக் கம்பியின் வேலை அதுதான். மற்ற இரண்டு கம்பிகளும் நாள் முழுக்க உழைக்கும். இது ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதால்தான் செலவைக் குறைக்க நினைப்பவரின் கண்ணில் முதலில் படுகிறது.

ஆகவே கொட்டகையின் பக்கத்திலேயே குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினோம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். வீட்டு எர்த்தோடும் கேபிள் வழியாக இணைத்தாயிற்று.

எர்த் மட்டும் போதுமா? அதற்கும் ஒரு கணக்கு. மண் வழித் தடை 10 ஓம் என்று வையுங்கள். 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உடனே விழாது. அதுவரை உடம்பில் கரண்டு நிற்கும். மனித உடம்புக்கோ 0.03 ஆம்பியரே ஆபத்தின் எல்லை. எம்.சி.பி. காப்பது கம்பியை, மனிதனை அல்ல. மனிதனைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். அது செய்வது நாம் சுற்றுலாவில் செய்ததைத்தான். 40 பேரைக் கூட்டிப்போனால் பஸ்ஸில் ஏறும்போது 40 தலையை எண்ணுவோம், ஒன்று குறைந்தாலும் பஸ் நகராது. ஃபேஸில் போன கரண்டு நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். குறைந்தால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ எர்த் வழியாகவோ போகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். இயந்திரங்களுக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒன்று என இரண்டு வைத்தேன். ஆனாலும் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதுவும் காப்பாற்றாது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவே அசட்டுத் துணிச்சல் வேண்டாம்.

எர்த் குழிக்கும் இந்த இரண்டு கருவிகளுக்கும் ஆனது மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்கு.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். "கிரைண்டர்ல லேசா ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்கிட்டு மாவாட்டு" என்று எத்தனை வீட்டில் சொல்கிறோம்! அது கிரைண்டரின் குணம் அல்ல. பச்சைக் கம்பி இல்லை, அல்லது அறுந்திருக்கிறது என்று அது நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. செருப்பை மறந்து, ஈரக்கையோடு ஒரு நாள் தொடுவது பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள்தான்.

ஆகவே வழக்கம்போல வீட்டுப்பாடம். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பிளக் பாயின்ட்டுகளில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று உரிமம் உள்ள வயர்மேனை வைத்துச் சோதியுங்கள். லூப் பண்ணியிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள்.

செய்து முடித்தவர்கள் கீழே "முடித்தேன் சார்" என்று ஒரு வரி போடுங்கள். வருகைப் பதிவேடு எடுத்து ரொம்ப நாள் ஆகிறது.

அன்புடன்,
உங்கள் சார்